டிரம்ஸ் இல்லாத நாலு நிமிடம்

என் அன்புக்குரிய திமிர்பிடித்தவனே, தனசேகரா,

நீ போய் நாலு மாதம் ஆகிறது. நம் ராக் பேண்டில் உன் இடத்துக்கு இன்னும் ஆள் பார்க்கவில்லை. உன் மகள் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்துவிட்டாள். முதல் நாள் அவளைவிட நான்தான் அதிகம் அழுதேன்.

அதெல்லாம் இருக்கட்டும். நான் ஒரு பொய் சொல்லிவிட்டேன். நாலு பேர் படிக்கும்படி அதை எழுதினால்தான் எனக்கு மனசு ஆறும்.

நம் ஆரணித் தெருவில் பவர்லூம் சத்தத்துக்கு நடுவே அகூஸ்டிக் கிட்டாரைப் பதிவு செய்ய முடியாது என்று, மாதம் ஒருமுறை கரண்ட் நிறுத்தும் நாளுக்காகக் காத்திருந்தாய். அன்று தறிகள் ஓய்ந்ததும் என் போனை வாங்கி ஸ்டூல்மேல் வைத்தாய்.

"எல்லாப் பாட்டுலயும் உன் டிரம்ஸ்தான் கத்திகினு இருக்குது. இது ஒண்ணுல மட்டும் சும்மா இருடா."

எனக்குச் சுருக்கென்றது. பத்து வருடம் கூடவே வாசித்தவனை ஒதுக்கிவிட்டு, இவனுக்கு மட்டும் தனியாக ஒன்றா? ஒரு நிமிடம் பொறுத்தேன். பிறகு என் விரல்கள் நாற்காலியில் தாளம் தட்ட ஆரம்பித்து, கடைசிவரை தட்டின. வேண்டுமென்றே செய்தேனா? இன்றுவரை எனக்கே தெரியவில்லை. நீ ஏன் நிறுத்தாமல் வாசித்தாய்?

"கெடுத்துட்டியேடா பாவி. போவட்டும், அடுத்த மாசம் கரண்டு போவும்போது பாத்துக்கலாம்" என்று சிரித்தாய். அந்த நாள் வருவதற்குள் போளூர் ரோட்டில் லாரி மோதிப் போய்ச் சேர்ந்துவிட்டாய்.

காரியம் முடிந்த அன்று உன் மனைவி கோமதி கேட்டாள்: "அண்ணா, அவரு தனியா ஒண்ணு வாசிச்சாரே, அது உங்ககிட்ட இருக்குதுங்களா?"

இல்லை என்றேன். அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னேன்.

நேற்றுக் காலையில்தான் அந்தப் பதிவைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். முழுவதும் கேட்டாள்.

"தட்டுறது நீங்களாண்ணா?"

"ஆமாம்மா."

திட்டியிருந்தால் பிழைத்திருப்பேன். மறுபடி முதலிலிருந்து வைத்தாள். என் தட்டல் தொடங்கும் இடத்தில் நிறுத்தினாள். திரும்பவும் முதலிலிருந்து, திரும்பவும் அதே இடத்தில். நான் எழுந்து வந்துவிட்டேன்.

சென்னையில் ஒரு ஸ்டுடியோவில் கொடுத்தால் என் சத்தத்தை அழிக்கலாமாம். ஆனால் நீ மெதுவாக மீட்டியதும் சேர்ந்தே போய்விடுமாம். கொடுக்கமாட்டேன், தனா. யார் கேட்டாலும், தட்டியது நான்தான் என்று சொல்லிவிட்டுத்தான் போட்டுக் காட்டுவேன். உன் மகள் வளர்ந்து கேட்கும் நாளிலும் பக்கத்தில் உட்கார்ந்து நானே சொல்வேன். அவள் எந்த இடத்தில் நிறுத்தினாலும் எழுந்து போகமாட்டேன்.

இப்படிக்கு,
உன் மகளுக்கு மாமன்,
முருகன்