கிடங்கு என்று அடித்தது நான்தான்

அன்புள்ள சின்னவனுக்கு,

அம்மா எழுதுவது. உனக்கு உடம்புக்கும் மனசுக்கும் ஒரு குறையும் இல்லை என்ற நம்பிக்கையில் தொடங்குகிறேன், இங்கே நான், அப்பா, வந்திருக்கிற உன் அக்கா, அவளுடைய மூன்று மாதக் கைக்குழந்தை எல்லோரும் நலம், குழந்தை உன்னைப் போலவே மூக்கைச் சுருக்கிக்கொண்டுதான் அழுகிறது. கைபேசி இருக்க இதென்ன காகிதம் என்று நீ சிரிப்பாய். கைபேசியில் எழுதினால் அது எந்த மாதிரிக் கட்டடத்துக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும் என்று இப்போது எனக்குத் தெரியும், அந்தக் கட்டடத்தைப் பற்றிய பேச்சை அதற்குள்ளேயே போட்டு வைக்க எனக்கு மனசு வரவில்லை.

உனக்கு நினைவிருக்கிறதோ இல்லையோ, இரண்டு வருடத்துக்கு முன்னால் நகராட்சியில் என் மேசைக்கு ஒரு கோப்பு வந்தது, ஊர்க்கோடியில் டேட்டா சென்டர் வருகிறது, கருத்துக் கேட்புக் கூட்டத்துக்கு அறிவிப்பு அடிக்கணும், ஜனங்களுக்குப் புரியற வார்த்தையா போடுங்கம்மா என்று அதிகாரி சொல்லிவிட்டுப் போனார். நான் உன்னைக் கூப்பிட்டுக் கேட்டேன். நீ ஏதோ அவசரத்தில் இருந்தாய், கிடங்குன்னு போடும்மா, தகவலைச் சேத்து வைக்கிற கிடங்கு, அவ்வளவுதான் என்றாய். முப்பது வருடமாகத் தட்டச்சு செய்கிறவள், ஒற்றெழுத்து விட்டுப்போனாலே சோறு இறங்காதவள், அன்றைக்குத் தலைப்பில் இடம் போதவில்லை என்று தகவலை எடுத்துவிட்டுக் கிடங்கு என்று மட்டும் அடித்தேன். கிடங்கு என்றால் மூட்டை வரும், லாரி வரும், ஏற்றி இறக்க ஆள் வேண்டும். சுமை தூக்குவோர் சங்கத் தலைவர் இரண்டு கையையும் தூக்கிச் சம்மதம் சொன்னார், டீக்கடைக்காரர் கூடுதலாக இரண்டு பெஞ்சு வாங்கிப் போட்டார். கூட்டத்தில் எழுந்த கேள்வி ஒன்றே ஒன்றுதான், கூரை ஒழுகாதில்ல என்று.

மூட்டையும் வரவில்லை, லாரியும் வரவில்லை. ஜன்னலே இல்லாத கட்டடம், மொத்தம் பதினோரு பேருக்குத்தான் வேலை, அதில் நம் ஊர்க்காரர்கள் வாசலில் நிற்கிற காவலாளிகள் இருவர், அவர்களுக்கும் உள்ளே என்ன இருக்கிறதென்று தெரியாது. பெஞ்சு சும்மாவே கிடந்தது. இரவு பகல் இல்லாமல் ஒரு உறுமல், முதலில் காதில் கேட்டது, இப்போது சமையலறைத் தட்டு ஸ்டாண்டில் கேட்கிறது. வாரத்துக்கு ஒரு நாள் ஜெனரேட்டரை ஓட்டிப் பார்க்கிறார்கள், அன்றைக்கு உன் அக்கா குழந்தையைத் தூக்கிக்கொண்டு பின் அறையில் கதவைச் சாத்திக்கொள்கிறாள். ஆனால் எனக்குப் பயம் சத்தத்தைப் பார்த்து இல்லை. அந்த இயந்திரங்கள் சூடாகுமாம், தணிக்கத் தண்ணீர் வேண்டுமாம், இதை நான் உனக்குச் சொல்ல வேண்டுமா என்ன, நீ வேலை பார்ப்பதே அதுகளோடுதானே. எவ்வளவு தண்ணீர் என்று கேட்டால் வியாபார ரகசியம் என்கிறார்கள். உன் அப்பாவுக்கு ரகசியம் எல்லாம் இல்லை, தெரு வால்வுகளைத் திறந்து மூடுகிற வேலையோடு நீரேற்று நிலையக் கிணற்றிலும் அவர் முடிச்சுப் போட்ட கயிற்றில் கல்லைக் கட்டி இறக்குவார் இல்லையா, போன வருடம் ஏழாவது முடிச்சிலேயே கல் நனைந்தது, போன வாரம் கயிறு முழுவதும் இறக்கியும் கல் காய்ந்தே மேலே வந்தது. பதிவேட்டில் எழுத வேண்டாம் என்று அவரிடம் சொல்லியிருக்கிறார்கள்.

இப்போது இரண்டாவது கோப்பு வந்திருக்கிறது, இன்னும் நான்கு கட்டடம். அதே வார்த்தையைப் போட்டுடுங்க, ஜனங்களுக்குப் பழகின வார்த்தை என்று அதிகாரி சிரித்துக்கொண்டே சொன்னார். கோப்போடு வந்த இணைப்புத் தாளை அறிவிப்பில் சேர்க்காமல் விட்டுவிடச் சொன்னார். விடச் சொன்னால் படிக்காமல் இருப்பேனா. நான்கு கட்டடத்துக்கும் சேர்த்து, நம் ஊர் ஒரு நாளைக்குச் செலவழிக்கிற தண்ணீரைப் போல ஒன்றரை மடங்கு வேண்டும், பற்றாக்குறைக் காலத்திலும் கிடங்குக்கான வழங்கல் தடைபடக் கூடாது, தொட்டியில் மட்டம் இறங்கினால் தெருக்களுக்குப் போகும் வால்வை முதலில் மூட வேண்டும். அப்பாவிடம் காட்டினேன். கண்ணாடியைக் கழற்றி மடித்து வைத்துவிட்டு, அப்போ நான்தான் மூடணும் என்றார், அன்று சாப்பிடவில்லை.

அதனால் நான் ஒன்று செய்துவிட்டேன், கோபித்துக்கொள்ளாதே. கிடங்கு என்ற சொல்லை எடுத்துவிட்டு, இரவும் பகலும் தண்ணீர் குடித்து ஓடும் கணினிக் கூடம் என்று அடித்து, அந்த இணைப்பையும் ஒரு எழுத்து விடாமல் கீழே சேர்த்தேன். எங்கள் அதிகாரி எதையும் படித்துக் கையெழுத்துப் போட்டு நான் பார்த்ததில்லை, இதையும் படிக்கவில்லை. இன்று காலை ஊரின் எல்லா அறிவிப்புப் பலகையிலும் ஒட்டிவிட்டார்கள். டீக்கடைப் பெஞ்சில் இப்போது உட்கார இடமில்லை என்கிறாள் உன் அக்கா. என் வேலைக்கு என்ன ஆகும் என்று தெரியவில்லை, பயமாகத்தான் இருக்கிறது, ஆனாலும் நான் போட்ட முடிச்சை நான்தானே அவிழ்க்க வேண்டும்.

கூட்டம் வருகிற இருபதாம் தேதி. வேண்டாம் என்று கத்துவது சுலபம், என்ன விதி வேண்டும் என்று கேட்கத்தான் எங்களில் ஒருவருக்கும் தெரியவில்லை. வாசலில் எல்லோரும் பார்க்கிற மாதிரி தண்ணீர் மீட்டர் வைக்கச் சொல்லலாமா, பஞ்சம் வந்தால் வீட்டுக் குழாய்க்குத்தான் முதல் உரிமை என்று எழுதி வாங்க முடியுமா, ஒரு கட்டடத்தின் கணக்கைக் காட்டாமல் அடுத்ததற்கு அனுமதி இல்லை என்று சட்டம் எங்கேயாவது இருக்கிறதா, உனக்குத் தெரிந்ததை நல்ல தமிழில், அவசரப்படாமல், ஒவ்வொரு வார்த்தையையும் யோசித்து எழுது. அன்று நீ சொன்ன வார்த்தை என்று யாரிடமும் சொல்ல மாட்டேன். அடித்தது நான்தான் என்று கூட்டத்தில் எழுந்து சொல்வேன்.

நேரத்துக்குச் சாப்பிடு, கண்ணுக்கு ஓய்வு கொடு. எந்தக் குறையும் இல்லாமல் நீ நீடூழி வாழ வேண்டும். பதிலைக் காகிதத்தில் எழுதி இருபதாம் தேதிக்குள் வந்து சேர்கிற மாதிரி அனுப்பு, மறக்காதே.

இப்படிக்கு,
அம்மா

பின்குறிப்பு: உறையை ஒட்டுவதற்குள் இன்னொன்று. வால்வுக்காரன் வீட்டிலேயே தண்ணி சேத்து வச்சா ஊர் பயந்துடும் என்று சொல்லி, இத்தனை வருடத்தில் ஒரு குடம்கூட நிறைத்து வைக்க விடாதவர் உன் அப்பா. இன்று பகலிலேயே வீட்டுக்கு வந்தார். குடம், வாளி, குழந்தையைக் குளிப்பாட்டும் தொட்டி வரை எல்லாவற்றிலும் பிடித்து நிரப்பி மூடி வைத்தார். ஏன் என்று கேட்டேன். வால்வுச் சாவியை எடுத்துக்கொண்டு வேலைக்குத் திரும்பிப் போய்விட்டார்.