ஐஸில் போன உங்கள் இரத்தம்

என் பிரியமுள்ள மதினிக்கு,

உங்களுக்கு நடந்தது அநியாயம். உங்கள் இரத்தம் அடைத்த போத்தலை அண்ணன் கையில் கொடுத்தவர்கள், அதைக் குளிர விடக்கூடாது என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? இதை நான் மெதுவாகச் சொல்ல மாட்டேன். நான் எப்போது மெதுவாகப் பேசியிருக்கிறேன், மதினி?

நீங்கள் போன பிறகு, மலையில் மூடுபனி இறங்கும் நாளெல்லாம் எனக்கு ஒரே கனவு. பஸ்ஸில் போகிறேன். போத்தல் என் முந்தானைக்குள், வயிற்றோடு ஒட்டி, கோழிக்குஞ்சு மாதிரி வெதுவெதுப்பாக இருக்கிறது. ஜன்னலுக்கு வெளியே ரோடு இல்லை, தேயிலை இல்லை, வெறும் வெள்ளை. நீங்கள் பக்கத்து சீட்டில் வெற்றிலை மென்றுகொண்டு, "செல்லம்மா, உங்கண்ணன் என்னைய மீனாட்டம் ஏத்தி அனுப்பிட்டாரு பாத்தியா" என்று சிரிக்கிறீர்கள். நான் பதில் சொல்ல வாயெடுத்தால் விடியற்காலையில் வேலைக்குப் பெயர் கொடுக்கப் பெரட்டுக்குப் போகிறவர்களின் சத்தம் கேட்டு விழித்துவிடுகிறேன்.

நீங்கள் காய்ச்சலில் பிதற்றிக்கொண்டு கிடந்தீர்கள். நடந்தது உங்களுக்கே தெரியாது. தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டிய மலையில் விறகு பொறுக்கும்போது உங்கள் காலில் ஏறிய குச்சிதான் ஆரம்பம். கால் வீங்கி, உடம்பு தூக்கிப் போட்டது. இரத்தத்தில் கிருமி ஏறியிருக்கும் என்றார் சின்ன ஆஸ்பத்திரி டொக்டர். எந்தக் கிருமி என்று தெரிந்தால்தான் அதற்கான மருந்து. அதுவரைக்கும் பொதுவாக ஒன்றை ஏற்றினார்கள். இரத்தம் எடுத்த போத்தலை ஒருவர் அண்ணனிடம் நீட்டினார். "வாகனம் இல்ல. நீங்களே பெரிய ஆஸ்பத்திரி லேப்புக்குக் கொண்டுபோயிருங்க."

நம்ம ஆட்களுக்கு இது பழக்கம். ஆஸ்பத்திரி எதைக் கொடுத்தாலும் தூக்கிக்கொண்டு ஓடுவோம், கேள்வி கேட்க மாட்டோம். தோட்டத்துக்குத் தடுப்பூசி வருவது ஐஸ் பெட்டியில்தானே? இரத்தமும் அப்படித்தான் என்று அண்ணன் நினைத்தார். பண்டாரவளையில் பஸ் மாறும்போது மீன் கடை நானாவிடம் போய் ஐஸ் கேட்டிருக்கிறார்.

"எத்தன கிலோ மீனுக்கு?"

"மீனு இல்ல நானா. பொஞ்சாதி ரத்தம்."

"அத மொதல்ல சொல்ல வேணாமா" என்று நானா பெட்டி நிறைய அள்ளிப் போட்டாராம். காசும் வாங்கவில்லை. இரண்டு நல்ல மனிதர்கள் சேர்ந்து உங்கள் போத்தலைக் குளிர வைத்தார்கள்.

கிருமியின் பெயர் வந்தது, மதினி. உங்களை அடக்கம் பண்ணிவிட்டு வந்து நாங்கள் கால் கழுவிக்கொண்டிருந்தபோது போன் வந்தது. அதைக் கொல்லுகிற மருந்து நீங்கள் படுத்திருந்த வார்டு அலுமாரியிலேயே இருந்ததாம்.

எனக்கு இது பொறுக்கவில்லை. பள்ளிக்கூடம் போகாமல் தானாக எழுத்துக்கூட்டிப் படித்தவள் நான். புரியாததை விட்டுவிட்டுப் போகத் தெரியாது. லேப் ஜன்னலில் போய் நின்றேன். வெளியே வந்த லேப் மிஸ்ஸி, "நோயாளி எங்கம்மா?" என்றார்.

"மண்ணுக்குள்ள. எனக்கு வெளக்கம் சொல்லுங்க."

பாவம், அவர் உட்கார வைத்துச் சொன்னார். போத்தலுக்குள் கிருமிக்குச் சாப்பாடு இருக்கிறதாம். உடம்புச் சூட்டில் வைத்தால் அது தின்று பெருகும். முன்பெல்லாம் பெருகியதைத் தட்டில் வளர்த்து, பெயர் தெரிய இன்னும் ஒரு நாள், இரண்டு நாள் ஆகும். இப்போது ஒரு மெசின் வந்திருக்கிறதாம், இங்கே இன்னும் திறக்கவில்லை. துளியூண்டு கிருமியை வைத்து ஒளியால் அடித்தால் அது தூளாகிப் பறக்கும். பறக்கிற வேகத்தைப் பார்த்தே இன்ன கிருமி என்று சொல்லிவிடும். ஒரு தேத்தண்ணி குடித்து முடிக்கிற நேரம்தானாம். கேட்கும்போதே எனக்குக் கண் சொக்கியது. உங்களைக் கொன்றது வெளிச்சத்தில் தூளாகிப் பறப்பதைப் பார்த்த மாதிரி இருந்தது.

"அப்ப அந்த மெசின் இருந்தா எங்க மதினி பொழச்சிருக்குமா?"

"மெசினுக்கு முந்தி போத்தல்ல கிருமி வளரணுமே அம்மா. ஐஸ்ல கெடந்தா சிலது செத்துரும், சிலது தூங்கிரும். பொழச்சிருப்பாங்களான்னு என்னால சொல்ல ஏலாது. ஐஸ்ல வைக்காட்டி பேரு கொஞ்சம் முந்தி வந்திருக்கும்."

அந்தக் கொஞ்சத்தைத்தான் நான் கேட்கிறேன்.

இதை யாரோ அண்ணன் காதில் போட்டுவிட்டார்கள். இப்போது மீன் கடைப் பக்கமே போவதில்லை. ரோட்டைச் சுற்றி வருகிறார். சோடாவில் ஐஸ் மிதந்தால் எழுந்து போய்விடுகிறார். "நாந்தான் புள்ள அவளக் கொன்னது" என்கிறார். "வாய மூடுங்கண்ணே, சொல்லாதவன் தப்பு ஒங்க தப்பா?" என்று நானும் கத்திப் பார்த்துவிட்டேன். தங்கச்சி சொன்னால் ஏறுமா? பாசத்தில் சொல்கிறாள் என்று நினைக்கிறார்.

ஆகவே இதை வாசிக்கிற எல்லோருக்கும் சேர்த்தே எழுதுகிறேன். மருந்து ஏறிவிட்டால் போத்தலில் கிருமி சரியாக வளராதாம்; அதனால் மருந்து ஏற்றுவதற்கு முன்னாலேயே டொக்டர் இரத்தம் எடுக்க வேண்டும். போத்தலை ஆஸ்பத்திரி வாகனமே கொண்டுபோக வேண்டும், போயா லீவு நாளிலும்தான். வாகனம் இல்லாமல் ஒருவர் கையில் கொடுத்தே ஆக வேண்டுமென்றால், கொடுக்கிற நர்ஸ் மிஸ்ஸி அவர் முகத்தைப் பார்த்து, அவருக்குத் தெரிந்த பாஷையில், ஐஸ் வேண்டாம் என்று சொல்ல வேண்டும். பெயர் தெரிந்த நிமிஷம் லேப் வார்டுக்குப் போன் பண்ண வேண்டும். மெசின் திறந்து ரிப்பன் வெட்டப்போகிற மாகாணத்துப் பெரியவர்கள், தோட்டத்திலிருந்து போத்தல் வந்து சேரும் வழியை முதலில் திறக்க வேண்டும். அப்புறம், அந்தப் போத்தலை நீட்டியவரோ அவருக்கு மேலே உள்ளவரோ எங்கள் லயத்து வீட்டுக்கு வந்து, அண்ணன் எதிரே உட்கார்ந்து, "சொல்லாமல் விட்டது நாங்கள்" என்று சொல்ல வேண்டும்.

அவர்கள் வருகிற வரைக்கும் ஒவ்வொரு திங்கட்கிழமையும் அந்த ஆஸ்பத்திரி வாசலில் போய் நிற்பேன் மதினி. இது உங்களுக்கு நான் கொடுக்கிற வாக்கு.

உங்கள் வாயாடி நாத்தனார்,
செல்லம்மா