யூகோ கேட்ட தண்ணீர்

எங்கிருந்தாலும் அக்கா கூப்பிட்டால் "ஏனுக்கா?" என்று திரும்பிப் பார்க்கிற என் சுமதிக் கண்ணுக்கு,

உன் யூகோ வந்துவிட்டாள். ஒன்பதாவது படிக்கும்போதிருந்து நீ கடிதம் எழுதிக்கொண்டிருந்தாயே, அந்த ஜப்பான் சிநேகிதி. கல்லூரியில் கடைசி வருஷமாம். முதுகில் ஒரு பையை மாட்டிக்கொண்டு விடுமுறைக்குத் தனியாகக் கிளம்பியவள், சென்னையில் இறங்கியதும் நேராகக் கோயமுத்தூருக்கு ரயிலேறியிருக்கிறாள். நீ இல்லை என்று நான்தான் அவளுக்கு எழுதினேன். தெரிந்தேதான் வந்திருக்கிறாள்.

ஸ்டேஷனில் என்னைக் கண்டதும் இடுப்பை வளைத்துக் குனிந்தாள். பதிலுக்கு என்ன செய்வதென்று தெரியாமல் நானும் குனிய, இடுப்பிலிருந்த என் மகள் காவ்யா சரிந்து விழப் பார்த்தாள். நீ பார்த்திருந்தால் ஒரு வாரத்துக்குச் சிரித்திருப்பாய்.

அம்மா வீட்டுக்குத்தான் கூட்டி வந்தேன். வாசல் தாண்டியதும் அம்மா சொம்பை நீட்டினாள். யார் வந்தாலும் பெயர் கேட்பதற்கு முன்னால் தண்ணீர்தானே நம் வீட்டில். நான் குறுக்கே புகுந்து சொம்பை வாங்கிவிட்டு, காய்ச்சி ஆறவைத்ததை டம்ளரில் ஊற்றிக் கொடுத்தேன். அம்மாவின் முகம் சுண்டிவிட்டது. யூகோ ஒரு வாய் குடித்தாள். கொஞ்சம் யோசித்தாள். பிறகு ஆங்கிலத்தில் மெதுவாகக் கேட்டாள்: "சுமதி எழுதிய தண்ணீர் இதுதானா?"

எங்கள் ஊருக்கு வந்தால் முதலில் உனக்குச் சிறுவாணித் தண்ணீர் தருவேன், மலையிலிருந்து வருவது, சர்க்கரை போடாமலே இனிக்கும் என்று நீ எழுதியிருந்தாயாம். அதேதான், ஆனால் காய்ச்சியது என்றேன். அவள் மரியாதையாகத் தலையாட்டிவிட்டு மிச்சத்தையும் குடித்தாள். ஏமாந்த முகம் அது. எனக்குத் தெரியாதா?

நான் என்ன செய்யட்டும், சொல். சென்னை விடுதியில் நீ ஒரு வருஷம்கூட முழுதாக இருக்கவில்லை. மஞ்சள் காமாலை, கெட்ட தண்ணீரால் வந்தது என்றார் டாக்டர். அதற்குப் பிறகு அடுப்பேறாத தண்ணீரை என் கையால் யாருக்கும் கொடுத்ததில்லை. நீ பார்க்காத காவ்யாவை வெளியே ஒரு வாய் குடிக்க விட்டதில்லை. நானும் குடித்ததில்லை. இந்த வீட்டில் சோற்றைவிட வெந்நீர்தான் அதிகம் வேகிறது என்று உன் மாமா கேலி செய்கிறார். செய்யட்டும். இந்தப் பெண்ணுக்கு ஒன்று ஆகிவிட்டால் அவளைப் பெற்றவளுக்கு நான் என்ன பதில் சொல்வேன்?

ஊரைச் சுற்றிப் பார்க்க வேண்டும் என்றாள். வெந்நீர் பாட்டில் இரண்டைப் பையில் போட்டுக்கொண்டு, காவ்யாவைத் தூக்கிக்கொண்டு டவுன்ஹால் பஸ் ஏறினேன். அவளுக்கு எல்லாமே அதிசயம். பூக்காரம்மா மல்லிகையை முழம் போடுவதைப் பார்த்து, இது யார் கை அளவு என்று கேட்டாள். விற்கிறவர் கை அளவு என்றேன். அப்படியென்றால் கை நீளமானவரைத் தேடி வாங்க வேண்டும் என்று அந்தத் தெருவில் இருந்த பூக்காரம்மாக்களின் கைகளையெல்லாம் கண்ணால் அளந்துகொண்டே வந்தாள். கடைசியில் நெட்டையான ஒருத்தியிடம்தான் வாங்கினாள்.

அடுத்து வளையல் கடை. நீயும் நானும் தீபாவளிக்குத் தீபாவளி போவோமே, அதே பாய் கடை. தாடி முழுக்க வெளுத்துவிட்டது அவருக்கு.

"ஏனுங்க அம்மணி, எந்த ஊர்ப் புள்ளைங்க இது?"

ஜப்பான் என்றேன். அவர் வளையல் பெட்டியை அப்படியே மூடி வைத்துவிட்டார்.

"அத்தன தூரத்துல இருந்து வந்த புள்ளைக்கு மொதல்ல தண்ணி குடுக்கோணுமுங்க. வளையல் எங்கீங்க போயிரும்?"

நான் அவசரமாகப் பையிலிருந்து பாட்டிலை எடுத்தேன். அவர் அதைப் பார்த்த பார்வை இருக்கிறதே. "சிறுவாணி இருக்கற ஊர்ல பாட்டிலுங்களா?" என்று கேட்டுவிட்டுப் பானையிலிருந்து சொம்பில் மொண்டு, டம்ளரில் ஊற்றி யூகோவிடம் நீட்டினார். சிறுவாணி என்ற சொல் காதில் விழுந்ததும் அவள் என் பக்கம் திரும்பவே இல்லை. இரண்டு கைகளாலும் வாங்கி, கடைசிச் சொட்டுவரை குடித்தாள்.

அங்கேதான் வினை. கொடுத்ததை மிச்சம் வைத்தால் அவளுக்கு மரியாதை இல்லையாம். காலி டம்ளரைக் கண்டும் சும்மா இருந்தால் நம்மவர்களுக்கு மரியாதை இல்லை. பாய் மறுபடி ஊற்றினார். அவள் மறுபடி குடித்தாள். "பாவம், எவ்வளவு தாகம் பாருங்க" என்று மறுபடியும் ஊற்றினார். இவளும் கண் பிதுங்கப் பிதுங்கக் குடிக்கிறாள். அடுத்ததற்கு அவர் சொம்பைச் சாய்த்தபோது நான் டம்ளரைக் கையால் மூடினேன். அப்புறம்தான் இரண்டு பேருக்கும் விஷயம் புரிந்தது. அவர் சிரித்த சிரிப்பில் பக்கத்துக் கடைக்காரர் எட்டிப் பார்த்தார்.

எல்லோரும் சிரிக்கும்போது காவ்யா அந்த டம்ளருக்குக் கை நீட்டினாள். நான் வெடுக்கென்று அவள் கையை இழுத்துவிட்டேன். வலித்திருக்கும் போல, வீரிட்டு அழுதாள். பாய் என்னை ஒன்றும் சொல்லவில்லை. ஒரு சின்ன ரப்பர் வளையலை எடுத்து அவள் கையில் போட்டுவிட்டார். அவர் ஏதாவது சொல்லியிருக்கலாம் என்றிருந்தது எனக்கு.

பஸ் ஸ்டாப்பில் யூகோ கேட்டாள், ஏன் இவ்வளவு பயம் என்று. சொன்னேன், கண்ணு. வேறு யாரிடமும் சொல்லாததைச் சொன்னேன். ஆஸ்பத்திரியில் நீ ஊர்த் தண்ணீர் கேட்டதையும், நான் ஒரு கேனில் பிடித்துக்கொண்டு ரயிலேறி வந்ததையும், காய்ச்சித்தான் தர வேண்டும் என்று டாக்டர் சொன்னதையும். ஒரு வாய் குடித்துவிட்டு நீ சொன்னாயே, "இது நம்மூட்டுத் தண்ணி மாதிரி இல்லியேக்கா" என்று, அதையும்.

பஸ் ஒன்று வந்து போனது. பிறகு யூகோ ஒவ்வொரு சொல்லாகத் தேடி எடுத்துச் சொன்னாள்: "சுமதி இந்தத் தண்ணீரால் சாகவில்லை, அக்கா. இந்தத் தண்ணீரைக் கேட்டுக்கொண்டு செத்துப்போனாள்."

அக்கா என்ற சொல்லை நீதான் அவளுக்குக் கடிதத்தில் சொல்லிக் கொடுத்தாயா?

இத்தனை நாளாக நான் எதன்மேல் கோபமாக இருந்தேன் என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன். உன்னைக் கொண்டுபோனது எங்கோ ஒரு குழாய். நான் வெறுத்ததோ உனக்குப் பிடித்ததை. அம்மா சொம்பை நீட்டும்போதெல்லாம் பிடுங்கினேனே, அவளுக்கு எப்படி இருந்திருக்கும்? அவளும் உன்னைப் பெற்றவள்தானே?

யூகோ உன் கட்டிலில்தான் படுத்திருக்கிறாள். அவள் வயிற்றுக்கு இதுவரை ஒன்றும் ஆகவில்லை. உப்பு சர்க்கரைப் பொட்டலம் எடுத்து வைத்திருக்கிறேன், நான் மாறிவிட்டேன் என்று நினைத்துவிடாதே. காவ்யா பக்கத்தில் ரப்பர் வளையலைக் கழற்றாமல் தூங்குகிறாள். அவளுக்கு இன்னும் கொஞ்ச காலம் காய்ச்சித்தான் கொடுப்பேன். அதற்காக என்னைத் திட்டாதே. ஆனால் அவள் கை நீட்டினால் இனி வெடுக்கென்று இழுக்கமாட்டேன்.

விடிந்தால் குழாயில் தண்ணீர் வரும் நாள். அம்மா குடத்தோடு நிற்பாள். அவள் கையிலிருந்து ஒரு சொம்பு வாங்கி, அடுப்புக்குக் கொண்டுபோகாமல், அங்கேயே நின்று அண்ணாந்து குடிக்கப் போகிறேன். எப்படி இருந்தது என்று உனக்குச் சொல்கிறேன். அதே ருசிதானா என்று.

தண்ணீர்க் கேனோடு உன்னிடம் வந்த
உன் அக்கா