மைனியின் நாவலுக்கு விலை உண்டு

என் பிரியத்துக்குரிய மைனிக்கு,

உங்கள் நாவல் வெளிவந்துவிட்டது. அட்டையில் உங்கள் பேர் மட்டும்தான். நீங்கள் சொன்னபடியே என் அண்ணன் பேரைப் பின்னால் ஒட்டவில்லை. கல்யாண மண்டபத்தில் சமையல்காரர் கொலையாகிற கதையை எழுதியது சங்கரன்கோவிலில் தறி ஓட்டுகிறவரின் மனைவி என்று யார் நினைப்பார்கள்?

சந்தோஷமாகத்தான் எழுத உட்கார்ந்தேன். ஆனால் கோபம்தான் வருகிறது மைனி. உங்களிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்ல?

தறிச் சத்தத்துக்கு நடுவே போனில் தட்டித் தட்டி எழுதினீர்கள். ஒவ்வொரு அத்தியாயமாக எனக்கு அனுப்புவீர்கள். என் ஜெராக்ஸ் கடையில் கூட்டம் இல்லாதபோது நான் பிழை திருத்துவேன். மின்னூலாகப் போடலாம் என்று எல்லாம் தயாரான பிறகு விலையில் வந்து நின்றோம். "என் எழுத்துக்கு எவன் துட்டு குடுப்பான்?" என்று சிரித்தீர்கள். அந்தப் பேச்சு முடிவதற்குள் ஆஸ்பத்திரி வந்துவிட்டது. அப்புறம் நீங்கள் வீட்டுக்கு வரவேயில்லை.

விலையைப் போடாமல் அந்த மின்னூல் இணையதளம் அடுத்த பக்கத்துக்குப் போகாது. மின்னூல் எழுதுகிறவர்கள் குழு ஒன்றில் கேட்டேன். நிறைய புத்தகம் போட்ட ஒருவர், புது எழுத்தாளர் என்றால் அடிமட்ட விலைதான், முடிந்தால் முதலில் சும்மா கொடுங்கள், பேர் தெரியாதவருக்கு யார் காசு செலவழிப்பார்கள் என்று எழுதினார். உங்கள் பேர் அவருக்குத் தெரியாது என்பதற்காக, நீங்கள் உட்கார்ந்து எழுதிய பொழுதெல்லாம் மலிவாகிவிடுமா? எரிச்சலோடுதான் நாற்பத்தொன்பது ரூபாய் போட்டேன். பஸ் ஸ்டாண்டில் இரண்டு பரோட்டாவும் ஆம்லெட்டும் சாப்பிட்டால் அதற்கு மேல் ஆகும்.

அதுவும் அண்ணனுக்கு அதிகமாகப் பட்டது. உங்கள் வருஷத் திதிக்கு நான் போயிருந்தபோது, சொந்தக்காரர்கள் எல்லாரும் இருக்கும்போதே, அதை இலவசமாக்கி உங்கள் படத்தோடு குடும்பக் குழுவில் போடச் சொன்னான். நான் முடியாது என்றேன்.

"ஏட்டி, செத்துப்போனவ பேர்ல யாவாரம் பண்ணுதியா?"

பந்தியில் இருந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். உங்கள் படம் போட்ட பேனருக்குக் காசு கொடுத்திருந்தான். சாப்பாட்டுக்கும் மாலைக்கும் கொடுத்திருந்தான். தன் தறியில் நெய்த சேலை ஒன்றை யாருக்காவது அவன் சும்மா கொடுத்து நான் பார்த்ததில்லை. நீங்கள் எழுதினதற்கு மட்டும் விலை வைத்தால் பாவமாம். அதென்ன நியாயம்?

என் முகத்தைப் பார்த்ததும் குரலைத் தணித்துக்கொண்டான். "துட்டு வச்சா ஒருத்தனும் படிக்க மாட்டான் மக்கா. நாலு பேரு படிக்கட்டும்னுதான் சொல்லுதேன்."

"அந்த நாலு பேர்ல ஒருத்தனா நீ படிச்சியாண்ணே?"

அவன் இலையை மடித்துவிட்டு எழுந்து போய்விட்டான். நான் சாப்பிடாமல் கடைக்கு வந்து விலையை நூற்றுநாற்பத்தொன்பதாக ஏற்றினேன். அந்தத் தளத்தில் மற்ற துப்பறியும் நாவல்களுக்கு என்ன விலையோ அதேதான். உங்களுடையது எதில் குறைச்சல்?

உடனே ஒன்றும் நடந்துவிடவில்லை. சித்தப்பா, பிடிஎஃப் இருந்தால் அனுப்பு என்று கேட்டார். வாசுதேவநல்லூர் பெரியம்மா மகள் கேட்டாள். குழுவில் ஆலோசனை சொன்னவரும் கேட்டார், விமர்சனம் எழுதுவதற்காம். எல்லாருக்கும் வாங்கும் இணைப்பை அனுப்பினேன். பாதிப்பேர் அதன்பிறகு என்னோடு பேசவில்லை. வெகுநாள் கழித்து முன்பின் தெரியாத ஒருவர் வாங்கிப் படித்துவிட்டு, கொலைகாரனைக் கடைசிவரை யூகிக்க முடியவில்லை, இவருடைய அடுத்த நாவல் எப்போது என்று எழுதியிருந்தார். அதை வாசித்துவிட்டுக் கடையிலேயே அழுதேன்.

போன வாரம் அண்ணன் கடைக்கு வந்தான். திதிக்குப் பிறகு நாங்கள் பேசிக்கொள்ளவில்லை. போனை நீட்டி எப்படி வாங்குவது என்று கேட்டான். சொல்லிக்கொடுத்தேன். விலையைக் குறைத்துக் கேட்கவில்லை.

நேற்று போனில் கூப்பிட்டான். சுற்றிவளைத்துத் தறி, நூல் விலை என்று பேசிவிட்டுக் கடைசியில் கேட்டான். "ஏழாவது அத்தியாயத்துல, பொண்டாட்டி பேச ஆரம்பிச்சா டிவி சத்தத்தைக் கூட்டுதானே ஒருத்தன்... அது நானாட்டி?"

அவன் உங்களிடம் கேட்டிருக்க வேண்டிய கேள்வி அது. நீங்கள் பக்கத்திலேயே இருந்த அத்தனை வருஷமும் அவனுக்கு அதைக் கேட்கத் தோன்றவில்லையே மைனி. இப்போது நான் என்னத்தைச் சொல்ல?

ஒரு வாக்கு தருகிறேன். இந்த விலையை யாருக்காகவும் இறக்க மாட்டேன். தீபாவளிக்கும் கிடையாது, உங்கள் அடுத்த திதிக்கும் கிடையாது. உங்களைப் படிக்க நினைக்கிறவர்கள் காசு கொடுத்தே படிக்கட்டும்.

உங்கள் முதல் வாசகி, ஒரே நாத்தனார்,
கோமு