கோழி தின்ன சின்னப் பை

அம்மாடி, எப்படிம்மா இருக்கே, நேரத்துக்குச் சாப்பிடுறியா, அந்த ஊர்க் குளிர் உன் உடம்புக்கு ஒத்துக்குச்சா? இங்க நானும் உங்கம்மாவும் கோழிங்களும் சுகம், சோளம் மட்டும் சுகமில்ல. உன் சித்தப்பன் புதுசா பல்லு கட்டிக்கிட்டு யாரைப் பாத்தாலும் சிரிக்கிறான், துக்க வீட்டுலயும் போய்ச் சிரிச்சான், உன் சித்தி தொடையில கிள்ளின பிறகுதான் வாயை மூடினான். அதை விடு, சொல்ல வந்தது வேற.

நீ வேலை பாக்குற இடத்துல உண்டாக்கின அந்தச் சோள விதை முதல் ரெண்டு வருஷம் தங்கமாத்தான் இருந்துச்சு. புழு கடிச்சா புழுதான் சாகுது, மருந்து அடிக்கிற தொல்லை இல்ல, வருஷம் பூரா வீட்டுல மாவு இருந்துச்சு, நான் இல்லேங்கல. இந்த வருஷம் வந்துச்சு பாரு புழு, கதிரைப் பிரிச்சா உள்ள உக்காந்துகிட்டு நீ யாருய்யாங்கற மாதிரி என்னையே பாக்குது. பாதிக் கதிர் போச்சு, இனி எத்தனை மாசத்துக்கு மாவு வருமோ தெரியல. நீ உடனே போன் போட்டு, பெரிய பையோட வந்த சின்னப் பையை வயல் ஓரமா சுத்தி விதைச்சீங்களாப்பான்னு கேட்டே. நான் ஆமான்னுட்டேன். அந்த ஆமாவுக்காகத்தான் இந்தக் கடுதாசி.

ஏம்மா, நான் கேக்குறேன், பெரிய பையில புழு சாகுற விதை, சின்னப் பையில புழு தின்னுற விதைன்னு குடுத்தா எவன்மா விதைப்பான்? ஓரத்துச் சாதுப் புழுவும் நடு வயல்ல சாகாம தப்பிச்ச முரட்டுப் புழுவும் சம்பந்தம் பண்ணிக்கணுமாம், அப்பதான் அதுங்க பிள்ளைங்களுக்கு முரட்டுத்தனம் வராதாம். இதை இப்ப சொல்றே. பையிலயே எழுதியிருக்காம், எறும்பு சைஸ்ல, எனக்குப் பெரிய எழுத்தே கூட்டிக் கூட்டித்தான் வரும். புழுவுக்கு வரன் பாக்க அப்பனை விடுறே, உனக்கு ஒரு வரன்னு வாயெடுத்தா போனை வச்சிடுறே. விதைக்கடைக்காரரோ அது சும்மா குடுக்குறது, தூக்கிப் போடுங்கன்னுட்டார்.

பெரிய பை விதைக்குச் சிவப்பா மருந்துச் சாயம், இது வெறும் விதை, தீனிதானேன்னு கோழிக்குப் போட்டேன். மூணு வருஷமும். தெருவே போட்டுச்சு. போன்லயே சொல்லியிருப்பேன், நீ என்னடான்னா எங்கப்பா ஒருத்தர்தான் சொன்னபடி விதைச்சார், அவர் வயல்லயே புழுன்னா ஓரத்துல விதைக்கிறது வீண்தான்னு நாலு நாட்டு ஆளுங்க முன்னாடி எழுதிக் குடுக்கப் போறேன்னு பெருமையாச் சொன்னே. எழுதிடாதம்மா. அவங்களும் நம்பி ஓரத்தை விட்டுட்டா அத்தனை பேர் மாவுலயும் இந்தப் புழு உக்காரும். எங்கப்பன் கோழிக்குப் போட்டான்னே எழுதிக் குடு, சிரிச்சா சிரிக்கட்டும். அந்தப் பையில எழுத்தோட ஒரு படமும் போடச் சொல்லு.

அடுத்த போகத்துக்கு நேத்து நானும் உன் சித்தப்பனும் சின்னப் பை விதையை வயலைச் சுத்தி ஊனிட்டோம். நல்லா இரு, நூறு வருஷம் இரு, தலை ஈரத்தோட வெளிய போகாதே. இப்படிக்கு உன்னைப் பெத்த, இரு இரு, உங்கம்மா வயல்லேருந்து கத்துறா, நம்ம கோழிங்க மொத்தமும் ஓரத்துல வரிசை கட்டி நின்னு கிளறுதாம், மூணு வருஷமா நானே பழக்கின ருசி, அதுங்க வேற எங்க