ஈ கட்டுகிற கம்பெனிக்கு வைஸ் பார்த்தது

7-7-86, திண்டிவனம்

கான்வென்ட் தையல் வகுப்பை விட்டு ஒரு வாரம் ஆகிறது. இப்போது நான் சூப்பர்வைசர். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது.

சுப்பராயலு முதலாளியின் கடலை உடைக்கிற மல்லாட்டை மில்லுக்குப் பின்னால் ஒரு ஷெட். அதுதான் எக்ஸ்போர்ட் கம்பெனி. ஒலக்கூர் பக்கத்துப் பெண்கள் பத்துப் பேர். வேலை என்னவென்றால், சின்னத் தூண்டில் முள்ளில் கோழி இறகையும் நூலையும் சுற்றி ஈ மாதிரி, கொசு மாதிரி செய்ய வேண்டும். வெளிநாட்டுக்காரர்கள் இதை ஆற்றில் வீசுவார்களாம். மீன் நிஜ ஈ என்று நம்பிக் கவ்வுமாம். பிடித்த மீனைத் திரும்பவும் ஆற்றிலேயே விட்டுவிடுவார்களாம். மெட்ராஸ் ஏஜென்ட் மாசிலாமணி சொன்னார்.

"அப்ப கொழம்புக்கு இன்னா பண்ணுவாங்க சார்?" என்று அந்தப் பத்துப் பேரில் ஒருத்தி, பொன்னி, கேட்டாள்.

வீட்டில் இவரிடம் சொன்னேன். விழுப்புரம் பஸ்ஸில் கண்டக்டர், ஊர்ச் சிரிப்பெல்லாம் இவரிடம்தான் இருக்கும். "கடையில ஈ ஓட்றவன நெறைய பாத்திருக்கேன் மேரி. ஈ கட்றதுக்குச் சம்பளம் குடுக்கிறவன இப்பதான் கேள்விப்படறேன்." சாப்பிட்டு முடிக்கும் வரை சிரித்தார்.

10-7-86

ஏஜென்ட் இரண்டு சாமான்களை மாதிரிக்குக் கொடுத்துவிட்டுப் போனார். ஒன்று வைஸ். மேசை விளிம்பில் திருகி மாட்டுகிற மெல்லிய தண்டு, அதன் நுனியில் குருவி அலகு போல இரண்டு தாடை. முள்ளை அதில் கவ்வக் கொடுத்தால் இரண்டு கையும் சும்மா இருக்கும், சுற்றலாம். இன்னொன்று பாபின். நூல்கண்டை இரண்டு கம்பிக் கைகள் பிடித்துக்கொள்ள, நூல் ஒரு மெல்லிய குழாய் வழியாக வரும்.

ஆளுக்கு ஒன்று வேண்டும். தீபாவளிக்குள் நல்ல மாதிரிகள் போகாவிட்டால் ஆர்டர் கல்கத்தாவுக்குப் போய்விடும். மாதிரி தேறும் வரை பெண்களுக்கு பஸ் சார்ஜ் மட்டும்தான்.

வைஸ் வாங்கும் பொறுப்பு டெக்னிக்கல் மேனேஜர் நடராசனுக்கு. முதலாளியின் மைத்துனன். அவர் தகுதி — அவருடைய அக்கா.

18-7-86

விழுப்புரத்தில் ஏதோ ஏலத்தில் எடுத்தாராம். பத்து வைஸ். ஒவ்வொன்றையும் இரண்டு பேர் தூக்கி வந்தார்கள். ரயில் தண்டவாளத்தையே பிடித்து ராவலாம்.

"இரும்புன்னா இது இரும்பு. பேரப்புள்ள காலத்துக்கும் நிக்கும்" என்றார் நடராசன்.

பொன்னி முள்ளை வைத்துத் திருகினாள். முள் காணாமல் போனது. தாடையைத் திறந்து தேடினோம், அப்பளமாகக் கிடந்தது.

"முள்ளு குவாலிட்டி சரியில்ல. ஏஜென்டுக்குச் சொல்லணும்."

19-7-86

மேசைக்கால் முறிந்துவிட்டது. மேசை குவாலிட்டியும் சரியில்லையாம்.

24-7-86

பாபின் வந்தது. அட்டைப்பெட்டி நிறையத் தையல் மெஷின் பாபின்! பதினோரு வருஷம் தையல் சொல்லிக்கொடுத்தவளிடம் தையல் மெஷின் பாபினைக் காட்டி, இதில் ஈ கட்டு என்கிறார்.

"இது வேற, அது வேறங்க" என்றேன்.

"பாபின்னா பாபின்தான் டீச்சர். ஒங்களுக்குத் துணி தெரியும், டெக்னிக்கலு தெரியாது."

2-8-86

மீட்டிங். முதலாளியும் நடராசனும் உட்கார்ந்திருந்தார்கள், நான் நின்றேன். மாதிரி வைஸையும் ஏல வைஸையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து விளக்கினேன். தாடை முள்ளைப் பிடிக்கணும், நசுக்கக் கூடாது. விரல் போய்வர இடம் வேண்டும். பாபின் கை இறுகினால் நூல் அறும், தளர்ந்தால் கண்டு உருண்டு ஓடும்.

முதலாளி முழுக்கக் கேட்டார். பிறகு இரண்டையும் கையில் தூக்கிப் பார்த்தார். தூக்க முடியாததைச் சுட்டி, "வெள்ளக்காரன் வந்து பாத்தா எதும்மா கெத்தா இருக்கும்?" என்றார்.

எதுக்கு வைஸ் வாங்கறாங்க? ஈ கட்டவா, படம் புடிக்கவா? எங்கிட்ட எதுக்குக் கேக்கணும்? கான்வென்ட்ல என் எடத்துக்கு வேற ஆள் போட்டாச்சு. திரும்பிப் போகவும் வழி இல்ல.

6-8-86

மாதிரி வைஸையும் பாபினையும் சாப்பாட்டுப் பையில் போட்டுக்கொண்டு இவர் பஸ்ஸிலேயே விழுப்புரம் போனேன். கண்ணையன் லேத் பட்டறை. பம்ப்செட் சாமான்தான் செய்வார். வைஸைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"பொம்ம மாதிரி கீதே. நாளைக்கு வாங்க டீச்சர், ஜல்தியா முடிச்சுடலாம்."

29-8-86

கண்ணையனின் 'நாளைக்கு' இன்று வந்தது. செய்தது அச்சாகப் பம்ப்செட் போலவே இருக்கிறது. முள்ளைப் பிடிக்கிறது, ஆனால் தாடை இத்தனை தடிமன், விரலுக்கு இடமில்லை. "கொஞ்சம் ஸ்ட்ராங்கா இருக்கட்டுமேன்னு" என்றார். இந்த ஜில்லாவில் ஆண்கள் எல்லாரும் ஸ்ட்ராங்காகவே யோசிக்கிறார்கள்.

17-9-86

இரண்டாவது வைஸ். தாடை மெல்லிசு, அழகு. நானே சந்தோஷப்பட்டு, பொன்னியைத்தான் முதலில் உட்கார வைத்தேன்.

நூலை இழுத்தாள். முள் நழுவி, கட்டைவிரலில் ஏறிவிட்டது. முள்ளுக்குப் பின்கொக்கி இருக்கிறதே, ஏறினால் இறங்காது. ஆஸ்பத்திரியில் கீறி எடுத்தார்கள். அவள் என் முந்தானையைப் பிடித்துக்கொண்டே இருந்தாள்.

நடராசன் வந்தார். "வேலைல கவனம் வேணும்மா." அவ்வளவுதான்.

கவனமாம். கவனம்! இரும்புக் கடையத் தூக்கியாந்து வெச்சவன் கவனத்தப் பத்திப் பேசறான். ஆனா இந்த வைஸ் அவன் வாங்கினது இல்லியே. நான் பாத்தது. அவள ஒக்கார வெச்சதும் நான்தானே?

18-9-86

பொன்னி வரவில்லை. அவள் அம்மா சின்னபொண்ணு வந்தாள். "எங்களுக்குக் கள எடுக்கிற வேல போதும் டீச்சர். அதுல முள்ளு கால்லதான் ஏறும்."

19-9-86

முதலாளியிடம் போய்ச் சொன்னேன். "சரியான வைஸ் வர்ற வரைக்கும் ஒரு பொண்ணையும் ஒக்கார வைக்க மாட்டேங்க. வேணும்னா என்ன நிறுத்திடுங்க."

காதைக் குடைந்துகொண்டே சொன்னார். "செஞ்சுக்கம்மா. ஆனா பெரிய வைஸ எடுத்துடாத. மச்சான் மனசு பேஜாராயிடும்."

எனவே கம்பெனியில் முன்வரிசையில் மச்சான் மனசு. பின்வரிசையில் வேலை.

4-10-86

மூன்றாவது வைஸ். பட்டறையிலேயே உட்கார்ந்து என் விரலை வைத்தே ஐம்பது அறுபது முள் சோதித்தேன். கண்ணையன் தாடையைப் பழுக்கக் காய்ச்சி எண்ணெயில் முக்கினார். நழுவவில்லை, நசுங்கவும் இல்லை. கூடவே செய்த பாபினின் குழாய் வாய்தான் நூலை அறுத்துக்கொண்டே இருந்தது. ஒரு பாசிமணியை வாயில் பொருத்திப் பார்த்தோம். நூல் வெண்ணெயில் போகிற மாதிரி போனது.

ஒலக்கூர் போய்ச் சின்னபொண்ணு முன்னாலேயே வைஸை மாட்டிக் காட்டினேன். நம்பவில்லை. தானே உட்கார்ந்து நூலை முரட்டுத்தனமாக இழுத்துப் பார்த்தாள். "நாளைக்கு அனுப்பறேன்" என்றாள்.

5-10-86

சின்னபொண்ணின் 'நாளைக்கு' மறுநாளே வந்தது, பொன்னியோடு.

14-10-86

ஆயுத பூஜை முடிந்து ஷெட்டைத் திறந்தார்கள். எல்லா வைஸுக்கும் சந்தனம், குங்குமம். கண்ணையன் அதற்குள் செய்து தந்த சின்ன வைஸுகளுக்குத் தாடைக்குள்ளேயே அப்பியிருந்தார் நடராசன். காய்ந்து ஒட்டிக்கொண்டது. காலை முழுக்க ஊசியால் சுரண்டினோம். வெள்ளை ஈக்கள் எல்லாம் பொட்டு வைத்துக்கொண்டு வந்தன.

27-10-86

மாதிரிகள் தேறிவிட்டன. பெண்கள் கைதட்டினார்கள். முதலாளி மைத்துனனுக்கு மாலை போட்டார்.

9-1-87

ஈ வாங்குகிற வெள்ளைக்காரர் வந்தார். பெரிய வைஸுகளுக்குக் கதம்ப மாலை, வாசலில் வாழைமரம். மனுஷர் மாலை போட்டதைத் தாண்டி நேராகப் பின்வரிசைக்கு வந்தார். பொன்னி இடத்தில் உட்கார்ந்து தானே ஒரு ஈ கட்டினார். பிறகு ஈயைப் பார்க்கவில்லை, வைஸைப் பார்த்தார். கழற்றினார், மாட்டினார். யார் செய்தது என்று கேட்டார்.

"மீ சார்" என்றார் நடராசன். இத்தனை மாதத்தில் அவர் தயங்காமல் செய்த ஒரே வேலை.

22-1-87

வெள்ளைக்காரருக்கு வைஸ்தான் வேண்டுமாம். ஆயிரக்கணக்கில். கண்ணையனிடம் எழுதி வாங்கியாகிவிட்டது, இனி முதலாளிக்கு மட்டும்தான் செய்வார்.

"ஈல இன்னாம்மா கீது? இரும்புதான் எக்ஸ்போர்ட்டு" என்றார் முதலாளி. ஷெட்டைக் காலி செய்யணும். பெண்களை நிறுத்தணும். எனக்கு வேண்டுமானால் பெட்டி ஒட்டுகிற வேலை.

எப்படிச் சொல்வேன் அதுங்ககிட்ட? இப்பதானே கை பழகிச்சு.

23-1-87

சொன்னேன். பொன்னிதான் கேட்டாள், "அப்ப ஈ யாருக்கும் வாணாமா டீச்சர்?"

அந்தக் கேள்வி என்னை விடவில்லை. சாயங்காலமே தந்தி ஆபீஸ் போய் மாசிலாமணிக்கு டிரங்க்கால் போட்டேன். ஈ ஆர்டர் அப்படியேதான் இருக்கிறதாம். கட்டத்தான் ஆள் இல்லையாம்.

இவரிடம் சொன்னேன். இந்தத் தடவை சிரிக்கவில்லை. "ஒலக்கூர்ல கோயில் பக்கத்துல ஒரு ரூம்பு காலியா கீது. நாளைக்கு டிரிப்பு முடிஞ்சதும் போய்ப் பாத்துட்டு வர்றேன்."

18-3-87, ஒலக்கூர்

கோயில் பக்கத்து ரூமில் மாசிலாமணி ஆர்டருக்கு நாங்களே ஈ கட்ட வைஸ் வேண்டும், வாங்கத் திண்டிவனம் போனேன். கண்ணையன் நேரே தர முடியாது என்று கையை விரித்துவிட்டார், முதலாளியிடம்தான் வாங்க வேண்டும்.

ஷெட்டுக்குப் புதுச் சுண்ணாம்பு. முதலாளி எழுந்து நாற்காலியை இழுத்துப் போட்டார். "வாங்க மேடம், ஒக்காருங்க." காபி வந்தது. நடராசன் ஒரு பெட்டியைப் பிரித்து, வைஸ் என்றால் என்ன, தாடை எப்படி இருக்க வேண்டும் என்று எனக்கு விளக்கினார். பொறுமையாகக் கேட்டுக்கொண்டேன். பிறகு கொண்டுபோன முள்ளை மாட்டி, நூலைச் சுற்றி இழுத்தேன். மயிரிழை நழுவியது.

"இது வாணாங்க. வேற எடுங்க."

நடராசன் குனிந்து அடுத்த பெட்டியைப் பிரித்தார். அதையும் மாட்டினேன். நழுவியது. அடுத்ததற்குக் குனிந்தார். பொன்னியும் கூட வந்திருந்தாள். காபியை ஆற்றிக்கொண்டே உட்கார்ந்திருந்தோம்.