பவளத் தொட்டியின் விளக்கை அணைத்துவிட்டேன்

இன்னும் கோபம் தீராத பிரியத்தோடு, அப்பாவுக்கு,

உங்கள் பவளங்கள் செத்துவிட்டன. நான்தான் கொன்றேன். இதை உங்களுக்கு வேறு யாரும் எழுதப் போவதில்லை.

அந்தக் கடல்நீர்த் தொட்டிக்கு விளக்குத் தேட மூன்று மாதம் அலைந்தீர்கள். சிதம்பரத்தில் மீன்தொட்டிக் கடை வைத்திருக்கும் அன்வர், "எல்ஈடி போடுங்க சார். மெட்டல் ஹாலைடு பல்புன்னா சூடு ஜாஸ்தி" என்றார். "பவளத்துக்கு வெயில் மாரி வெளிச்சம் வேணும்யா. மெட்டல் ஹாலைடுலதான் தண்ணிக்குள்ள வெயிலு ஆடும்" என்றீர்கள். நூற்றைம்பது வாட்டா, இருநூற்றைம்பதா? வெள்ளை வெளிச்சமா, நீலம் கூடியதா? தண்ணீருக்கு எத்தனை அங்குலம் மேலே தொங்கவிடுவது? ஸ்கேல் வைத்து அளந்தீர்கள். விளக்கின் சூட்டில் தண்ணீர் கொதித்துவிடக் கூடாதென்று அந்த அறைக்கு ஏசி. திருப்பாதிரிப்புலியூரில் நம் வீட்டுக்கு அது ஒன்றுதான் ஏசி.

அந்த மே மாதம் அம்மாவுக்குக் கர்ப்பப்பையை எடுத்தார்கள். வயிற்றுக் கட்டு வியர்வையில் ஊறிப்போய், "ரெண்டு நாளைக்கு அந்த ரூம்ல படுத்துக்கறேங்க" என்று கேட்டாள்.

"கதவத் தொறந்து தொறந்து மூடுனா தண்ணி சூடாயிடும். ஹால்ல ஃபேன் இருக்குல்ல?"

ஃபேன் காற்று போதாமல் நான் நோட்டு அட்டையால் விசிறினேன். தையல் சீழ் பிடித்தது. ஆஸ்பத்திரிக்கு நானும் அம்மாவும் ஆட்டோவில் போனோம். நீங்கள் விளக்கை இரண்டு அங்குலம் உயர்த்திக்கொண்டிருந்தீர்கள், பவளத்தின் ஓரம் வெளுக்கிறதென்று. அவ்வளவு நுணுக்கமான கண் அம்மா பக்கம் ஏன் திரும்பவே இல்லை?

மாரடைப்பில் நீங்கள் போய், பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள் காலை விளக்கை அணைத்தேன். அன்வர் வந்து மீன்களைக் கொண்டுபோனார். "பவளத்தையும் குடும்மா, நான் பொழைக்க வெச்சுக்கறேன்" என்றார்.

"அது இங்கியே இருக்கட்டும்" என்றேன்.

நீங்கள் கொஞ்சிய பச்சைப் பவளம்தான் முதலில் சுருங்கியது. பிறகு பெரியது வெளுத்தது, அழுகியது. தினமும் நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்த்தேன். சந்தோஷமாக இருந்தது அப்பா. பொய் சொல்ல மாட்டேன்.

"லைட்டப் போடுடி. வாயில்லாத ஜீவன், அது என்னாடி பண்ணுச்சு?" என்று அம்மா இரண்டு முறை கெஞ்சினாள். நான் ஸ்விட்சை மறைத்துக்கொண்டு நின்றேன். "நான் கேக்கும்போது அவுரும் இப்பிடித்தான் நிப்பாரு" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

அதன் பிறகு என்னோடு பேசவில்லை. நேற்று தொட்டியைக் காலி செய்து, அழுகியதை வெறுங்கையால் அள்ளிக் கொட்டினேன். அம்மா எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

அவளிடம் மன்னிப்புக் கேட்பேன். பேசும்வரை கேட்பேன், இது சத்தியம். உங்களிடம் கேட்க மாட்டேன். நீங்கள் யாரிடமாவது கேட்டிருக்கிறீர்களா?

அச்சு அசல் உங்கள் மகள்,
சுமதி